குடுமியிலிருந்து கிண்ணக் கீல் வரை: ஏலப்பாறைக்காரன் எழுதும் ஒரு கதவு வரலாறு

வரலாறு என்றதும் நமக்குக் கோட்டையும் கோபுரமும் கல்வெட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. கோட்டைக்குக் கதவு உண்டு. அந்தக் கதவைத் தாங்கி நிற்கும் ஒரு சிறு பொருளும் உண்டு. அதற்குக் கீல் என்று பெயர். கீல் இல்லாத கதவு வெறும் பலகைதான். ஆயினும் கதவைப் பாடியவர்கள் பலர். கீலைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலர். இன்று நம் வீட்டுச் சமையலறை அலமாரிகளில் அந்தக் கீல் வெளியே தெரிவதுகூட இல்லை. உள்ளுக்குள் ஒளிந்துகொண்டு வேலை பார்க்கிறது. ஒளிந்து நின்று வேலை பார்ப்பவர்களின் வரலாறு எழுதப்படாமல் போவது புதிதல்ல.

அடியேன் பிறந்தது கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் பீர்மேடு வட்டத்திலுள்ள ஏலப்பாறையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில். தொழிலால் மரவேலைக்காரன், அஞ்சல் வழியில் படித்த படிப்பால் வரலாற்று மாணவன். இந்த இரண்டும் சேரும் இடத்தில் நின்று, கதவின் கீல் நம் மக்களின் வாழ்க்கையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடுமிக் கதவு

நம் முன்னோர் செய்த கதவுக்கு இரும்புக் கீல் தேவைப்படவில்லை. கதவுப் பலகையின் ஓர் ஓரத்தில், மேலும் கீழும் விரல் நீளத்துக்கு மரத்தையே உருட்டி நீட்டி விடுவார்கள். அந்த நீட்டலுக்குக் குடுமி என்று பெயர். கீழ்க்குடுமி வாசற்படியில் குடைந்த குழியில் உட்காரும். மேற்குடுமி நிலையின் மேல்கட்டையில் உள்ள துளையில் நுழையும். கதவு தன் குடுமியிலேயே சுழலும். பழைய கல் கோயில்களின் வாயிலில் மேலும் கீழும் வட்டக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். கதவு போய்விட்டாலும் குடுமி சுழன்ற குழி அப்படியே இருக்கும். நம்மில் பலர் அதை விளக்குக்கு எண்ணெய் விட்ட குழி என்று நினைத்துக் கடந்து போகிறோம்.

சங்க இலக்கியமான நெடுநல்வாடையில் அரண்மனை வாயிலின் வருணனை வருகிறது. இரும்பால் பிணித்து, அரக்குப் பூசிய இரட்டைக் கதவைப் புலவர் காட்டுகிறார். ஆக, மரத்தையும் இரும்பையும் சேர்த்து வலிமையான கதவு செய்யும் கலை நம்மிடம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்பதில் ஐயமில்லை.

குடுமிக் கதவின் சிறப்பு என்னவென்றால் அதைக் கழற்ற வேண்டுமானால் நிலையையே அசைக்க வேண்டும். வீடு கட்டும்போதே கதவையும் சேர்த்து நிறுத்த வேண்டும். கதவும் வீடும் ஒன்றாகப் பிறக்கும். அதன் குறையும் அதுவேதான். குடுமி தேய்ந்தால் கதவு தொங்கும். ‘கிரீச்’ என்று கத்தும். மாற்றுவதற்கு எளிய வழி கிடையாது. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் கூரையையும் தூண்களையும் அண்ணாந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாமல், கதவுகள் எதைப் பிடித்துத் திரும்புகின்றன என்று குனிந்தும் பார்க்க வேண்டும். 1956 மொழிவழி மாநிலப் பிரிவினையில் அந்த அரண்மனை நின்ற மண் தமிழகத்துக்கு வந்தது. அரண்மனையின் பராமரிப்பு கேரள அரசிடமே இருக்கிறது. அதே பிரிவினையில் தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. எங்கள் ஏலப்பாறையும் அப்படித்தான் போயிற்று.

சொற்கள் சொல்லும் கதை

கீல் என்ற சொல்லுக்குத் தமிழில் மூட்டு என்றும் பொருள். அதனால்தான் மூட்டில் வரும் நோய் கீல்வாதம் ஆயிற்று. கதவுக்கு மூட்டு கீல். மனிதனுக்குக் கீல் மூட்டு. இரண்டும் தேய்ந்தால் வலிதான்!

ஆனால் ஏலப்பாறைக் கடைத்தெருவில் போய்க் ‘கீல் கொடுங்க’ என்று கேட்டால் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசிப்பார். அங்கே நாங்கள் கேட்பது ‘விஜாகிரி’. மலையாளத்தில் வழங்கும் இந்தச் சொல் போர்த்துக்கீசிய ‘பிஸாக்ரா’ என்பதிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வாளர். அது மட்டுமா? அலமாரி, சாவி, ஜன்னல், மேசை எல்லாமே போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவை. இந்தப் பட்டியலை ஊன்றிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வாசல், கதவு, நிலை, தாழ்ப்பாள் போன்ற வீட்டின் அடிப்படைச் சொற்கள் நம்முடையவை. பொருளைப் பூட்டி வைக்கும் அலமாரியும் அதைத் திறக்கும் சாவியும் கடல் கடந்து வந்த சொற்கள். பொருளை உறியிலும் பரணிலும் பெட்டியிலும் வைத்து வாழ்ந்த மக்களிடம், கதவு வைத்த நின்ற பெட்டியாக அலமாரி பின்னர் வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம்.

தகட்டுக் கீலும் இப்படித்தான் பரவியது. இங்கிலாந்தில் 1775இல் வார்ப்பிரும்புக் கீலுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. இரண்டு தகடு, நடுவே ஓர் ஆணி. ஒரு தகடு நிலையில், ஒரு தகடு கதவில். அதற்கு முன் கொல்லர் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்த பொருள், அச்சில் வார்க்கும் பொருளாக மாறியது. ஆங்கிலேய ஆட்சியில் பங்களாக்களுக்கும் கச்சேரிகளுக்கும் வந்த கீல், பின்னர் நம் வீடுகளுக்கும் வந்தது. இதனால் கதவை வீட்டிலிருந்து தனியே கழற்றவும் மாட்டவும் முடிந்தது. ஆனால் கீலைப் பதிப்பதற்கு ஆசாரியின் கைத்திறன் கட்டாயம் வேண்டும். தகட்டின் கனத்துக்குச் சரியாக உளியால் காடி எடுக்க வேண்டும். ஒரு நூல் ஆழம் கூடினால் கதவு மூடாது. குறைந்தால் இடைவெளி விழும். அந்தத் திறன் அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பது. பிறர் பெற வழி குறைவு. இதைப் பின்னால் மறுபடி பேசுவோம்.

லயத்துக் கதவும் தேயிலைப் பெட்டியும்

பீர்மேட்டு மலைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் துரைமார் முதலில் காப்பி பயிரிட்டார்கள். 1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் கண்டது. அது தென்னிந்தியத் தோட்டங்களையும் அழித்தபோது தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காடழிக்கவும் கொழுந்து கிள்ளவும் கங்காணிமார் மூலம் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து நம் மக்கள் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, குமுளி வழியாக மலையேறினார்கள். ஏலமும் பாறையும் சேர்ந்த பெயருடைய எங்கள் ஊர், சுற்றிலும் தேயிலையாகவே ஆனது அப்படித்தான்.

தொழிலாளிக்குக் குடியிருக்கக் கொடுத்தது லயம். வரிசையாக ஒட்டிய வீடுகள். ஒரு அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு திண்ணை. நான் வளர்ந்த லயத்தில் கதவு என்பது நான்கு பலகையைக் குறுக்குச் சட்டத்தில் அடித்து, டி வடிவக் கீலில் தொங்கவிட்டதுதான். மழைக்காலத்தில் பலகை ஊறிப் பெருத்துக் கதவு சாத்தாது. கோடையில் சுருங்கிப் பலகை இடுக்கில் காற்று வரும். ‘மழைக்கு ஒரு கதவு, வெயிலுக்கு ஒரு கதவு’ என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். கீல் துருப்பிடித்துப் போனால் கங்காணியிடம் சொல்லி, அவர் ஆபீசில் சொல்லி, ஆசாரி வந்து சேருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். கதவு நம்முடையது அல்ல, தோட்டத்தினுடையது. நாமாக ஆணி அடித்தாலும் கேள்வி வரும்.

அலமாரி? அதற்கு ஒரு வழி இருந்தது. தேயிலை ஏற்றுமதி செய்யும் பெட்டி ஒட்டுப்பலகையால் ஆனது. ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். உடைந்த பெட்டி, ஒதுக்கிய பெட்டி என்று எப்படியாவது ஒன்றிரண்டு லயத்துக்கு வந்துவிடும். அதைப் படுக்கவைத்து, மூடியை ஒரு பக்கம் கதவாக மாட்டினால் அலமாரி! கீலுக்குப் பழைய செருப்பு வார் அல்லது டயர் ரப்பர் துண்டு. இரண்டு ஆணி மேலே, இரண்டு ஆணி கீழே. துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி உட்புறமாக அடித்த வார்க் கீலும் உண்டு. மறைவுக் கீலை நாங்கள் முதலில் பார்த்தது ஜெர்மானியக் கம்பெனியின் விலைப்பட்டியலில் அல்ல. பாட்டியின் அரிசிப் பெட்டியில்.

இது சிரிப்புக்காகச் சொன்னதல்ல. ஒட்டுப்பலகையின் வரலாற்றில் தேயிலைப் பெட்டிக்கு முக்கிய இடம் உண்டு. எஸ்தோனியாவின் தாலின் நகரத்து லூதர் ஆலை போன்றவை செய்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள் ஒரு காலத்தில் உலகத் தேயிலையைச் சுமந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமில் இந்திய ஒட்டுப்பலகைத் தொழில் தோன்றியதே தேயிலைப் பெட்டி செய்வதற்காகத்தான். இந்தியத் தரங்களின் வரிசையில் 1ஆம் எண் தேசியக் கொடிக்கு. 10ஆம் எண் ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டிக்கு. பின்னாளில் காகிதச் சாக்கு வந்து பெட்டியை ஒழித்துவிட்டது. ஆனால் அந்தப் பெட்டியால் வளர்ந்த பலகைத் தொழில்தான் இன்றைய நம் சமையலறை அலமாரிக்குப் பாட்டன்.

மரம் போய்ப் பலகை வந்தது

தேக்கும் ஈட்டியும் பலாவும் இருந்தவரை அலமாரி என்றால் மரம். மரம் என்றால் தகட்டுக் கீல். காடு சுருங்கச் சுருங்க மரத்தின் விலை ஏறியது. 1996 டிசம்பர் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த ஆணை காட்டு மரம் வெட்டுவதையும் மரம் சார்ந்த ஆலைகளையும் கட்டுக்குள் கொண்டுவந்தது. வடகிழக்கு மாநிலங்களின் ஒட்டுப்பலகை ஆலைகள் முடங்கின. கேரளத்தில் 1945இலேயே கண்ணூர் வளபட்டணத்தில் ஒட்டுப்பலகை ஆலை தோன்றியிருந்தது. ஆனால் இப்போது பெரும்பாவூர் எழுந்தது. பால் வற்றிய ரப்பர் மரத்தை உரித்துப் பலகையாக்கும் ஆலைகள் அங்கே பெருகின. அங்கு இன்று வேலை செய்கிறவர்களில் அசாம், வங்காளம், ஒரிசாவிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தேயிலைப் பெட்டிக்கு முதலில் பலகை செய்த மண்ணின் மக்கள், ரப்பர்ப் பலகை செய்யத் தெற்கே வருகிறார்கள். புலம்பெயர்தல் நமக்கு மட்டும் எழுதிய எழுத்து அல்ல.

அதே காலத்தில் எங்கள் மலையில் வேறொன்று நடந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது இந்தியத் தேயிலை தன் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. 1990களின் இறுதியில் விலை சரிந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சம்பளம் நின்றது, பணிக்கொடை நின்றது. எங்கள் தோட்டமும் அதில் ஒன்று. 2001 ஏப்ரல் 1 முதல் இந்தியா இறக்குமதிக்கான அளவுக் கட்டுப்பாடுகளில் மிஞ்சியவற்றை நீக்கியது. வெளிநாட்டு அலமாரிச் சாமான்கள் கொச்சிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னத் தொடங்கின. அம்மாவின் கொழுந்துக் கூடை சுவரில் தொங்கிய அதே வருஷங்களில்தான் நம்ம பையன்கள் எர்ணாகுளத்துப் பட்டறைகளுக்கு எடுபிடியாகப் போனார்கள். நானும் போனேன்.

கிண்ணக் கீல் பிறந்த கதை

இனி அந்தப் பட்டறையில் நாங்கள் ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்று கூப்பிட்ட பொருளின் பிறப்பைப் பார்ப்போம். கதவை முக்கால் பாகம் சாத்தினால் மீதியைத் தானே இழுத்துக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். தமிழில் கிண்ணக் கீல் என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. அதன் ஒரு பாகம் கிண்ணம் போலவே இருக்கும்.

இதன் வேர் ஐரோப்பியச் சமையலறையில் இருக்கிறது. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபுர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரிய அம்மையார் ஒரு சமையலறையை வடிவமைத்தார். சின்ன அறை, அளவெடுத்துப் பொருத்திய அலமாரிகள், எட்டும் தூரத்தில் எல்லாம். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது அமைந்தது. ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் அலமாரி செய்யலாம் என்ற எண்ணத்துக்கு அது வழிகாட்டி.

அடுத்து வந்தது பலகை. 1941இல் ஜெர்மனியின் ப்ரேமன் நகரில் மரத்தூளையும் சீவலையும் பிசினால் அழுத்திய சிம்புப் பலகை வணிக அளவில் வெளிவந்தது. போருக்குப் பின் இடிந்த நகரங்களை மீண்டும் கட்டியபோது அந்தப் பலகைதான் மலிவு. ஆனால் அதில் ஒரு கோளாறு. பலகையின் முகத்தில் திருகாணி ஓரளவு பிடிக்கும். ஓரத்தில் பிடிக்காது, பொலபொலவென்று உதிரும். பழைய தகட்டுக் கீலுக்குத் திருகாணி போவதோ ஓரத்தில்! ஆக, மரத்துக்காகப் பிறந்த கீல் பலகைக்கு ஒத்துவரவில்லை. கதவின் ஓரத்தை விட்டுவிட்டு உட்புற முகத்தில் வட்டக் குழி தோண்டி, அதில் கிண்ணத்தைப் பதித்து, பெட்டியின் உட்சுவரில் கையை மாட்டும் கீல் 1960களில் பரவியதற்குக் காரணம் இதுதான். அழகுக்காக மறைந்த கீல் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் பலகையின் பலவீனம்தான் அதை உள்ளே தள்ளியது. அழகு பின்னால் வந்த இலாபம்.

இந்தத் தொழிலில் பெயர் பெற்ற நிறுவனங்களின் தொடக்கமும் சுவையானது. ஹெட்டிச் 1888இல் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் கடிகார உறுப்புகள் சார்ந்த தொழிலாகத் தொடங்கியது. ப்ளும் 1952இல் ஆஸ்திரியாவில் குதிரை லாடத்துக்கான கட்டையாணியோடு தொடங்கியது. கடிகாரமும் லாடமும் செய்த கைகள் கீலுக்கு வந்தன. நம் ஊர்க் கொல்லர் உலையிலும் இப்படி ஒரு வளர்ச்சிக்கு விதை இருந்தது. முதலீடும் ஆதரவும்தான் இல்லை.

கிண்ணக் கீலின் நுட்பம் அதன் அச்சு ஓரிடத்தில் நில்லாததே. தகட்டுக் கீலில் ஒரே ஆணி. கதவு அதைச் சுற்றும். கிண்ணக் கீலில் நான்கு மூட்டுகள் இணைந்து இயங்குகின்றன. கதவு திறக்கும்போது சற்று முன்னால் நகர்ந்து திரும்புவதால் பக்கத்துக் கதவில் உரசாது. இரண்டு கதவுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் இடைவெளியே போதும் என்றானது இதனால்தான்.

பொருத்தும் முறை

வரலாற்றுக் கட்டுரையில் தொழில்முறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். கைவேலையின் வரலாறு கையின் அளவுகளில்தான் இருக்கிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிண்ணத்துக்கான குழி 35 மில்லிமீட்டர் விட்டம். ஆழம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். கதவு 18 மில்லிமீட்டர் கனமென்றால் அடியில் 6 மில்லிமீட்டர்தான் மிச்சம். கூர்முனை நீண்ட துளைக்கருவியைப் போட்டால் முன்புறம் பொத்துக்கொண்டு வரும். மைகா ஒட்டிய கதவு பாழ். குழியின் நடுப்புள்ளி கதவின் ஓரத்திலிருந்து 22 முதல் 23 மில்லிமீட்டர். அதாவது குழிக்கும் ஓரத்துக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் நிற்கும். மேலிருந்தும் கீழிருந்தும் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் தள்ளிப் போடுவது வழக்கம். பெட்டியின் பக்கச் சுவரில் அடித்தட்டு மாட்டும் திருகாணி வரிசை முன்ஓரத்திலிருந்து 37 மில்லிமீட்டர். ஐரோப்பிய ஆலைகள் இந்த வரிசைத் துளைகளை 32 மில்லிமீட்டர் இடைவெளியில் போடுவதால் அந்த முறைக்கே 32 முறை என்று பெயர்.

கதவு பெட்டியின் ஓரத்தை முழுக்க மூடினால் வளைவில்லாத கீல். நடுச்சுவரை இரண்டு கதவுகள் பங்கிட்டுக்கொண்டால் அரை வளைவு. கதவு பெட்டிக்குள்ளேயே அமர்ந்தால் முழு வளைவு. பட்டறையில் ‘ஸீரோ கிராங்க், எட்டு கிராங்க், பதினாறு கிராங்க்’ என்பார்கள். 900 மில்லிமீட்டர் உயரம் வரை இரண்டு கீல். அதற்கு மேல் மூன்று. ஆளுயரக் கதவுக்கு நான்கு, ஐந்து. கனமான கதவென்றால் இன்னும் ஒன்று கூட்டுவது புத்திசாலித்தனம். மாட்டியபின் திருகாணிகளைத் திருப்பிப் பக்கவாட்டில், உள்ளே வெளியே, மேலே கீழே என்று மூன்று திசையிலும் சரிசெய்யலாம். உளி பிடித்த ஆசாரிக்கு ஒரு நூல் பிசகினால் பிசகியதுதான். கிண்ணக் கீல் இரண்டு மில்லிமீட்டர் வரை மன்னிக்கும்.

எங்கள் மலைநாட்டு ஈரத்துக்குத் தனி எச்சரிக்கை உண்டு. மஞ்சு மூடும் ஊரில் மலிவு முலாம் பூசிய கீல் இரண்டு மழைக்குள் துருவேறும். துருப்பிடிக்காத எஃகிலும் 304 என்ற வகையே நிற்கும். 202 வகை சீக்கிரம் கறைபடும். பலகையிலும் சாதாரண வகைக்கு இந்தியத் தர எண் 303. தண்ணீர் தாங்கும் கடல்தர வகைக்கு 710. பாத்திரத் தொட்டிக்குக் கீழே 303 போட்டால், கிண்ணம் பதிந்த இடமே உப்பிப் பிதுங்கிவிடும். கீல் நல்லதாக இருந்து என்ன பயன்?

தொட்டால் திறக்கும் கதவு

கீலை ஒளித்த பிறகு கைப்பிடியையும் ஒளிக்க ஆசை வந்தது. அதற்கு வந்ததே அழுத்தித் திறக்கும் பிடிப்பான். கதவை விரலால் ஓர் அழுத்து; உள்ளே இருக்கும் சுருள்வில் தண்டு கதவை வெளியே தள்ளும். மறுபடி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பொத்தான் பேனாவின் தலையை அழுத்தி முனையை வெளியே விட்டு, மறுபடி அழுத்தி உள்ளே இழுப்பதற்கு நிகரான வித்தைதான் இது. தண்டின் நுனியில் காந்தம். கதவின் உட்புறம் ஒரு சிறு இரும்புத் தகடு.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தானே இழுத்துச் சாத்தும் வில் உள்ள கீலோடு இதைப் போடக்கூடாது. பிடிப்பான் வெளியே தள்ள, கீல் உள்ளே இழுக்க, மாமியார் மருமகள் கதையாகிவிடும். வில் இல்லாத கீல்தான் இதற்கு வேண்டும். கதவுக்கும் பெட்டிக்கும் நடுவே அழுத்துவதற்கு 2, 3 மில்லிமீட்டர் இடம் விட வேண்டும். ஒட்டி நின்றால் அழுந்தாது. கீல் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பிடிப்பானை வைக்க வேண்டும். உயரமான கதவுக்கு ஒன்று போதாது. கதவு வளைந்து முனை திறக்காமல் நிற்கும்.

பழைய வீட்டில் நாதாங்கியும் கொண்டியும் தாழ்ப்பாளும் ஓசையோடு பேசும். யார் வந்தார், யார் போனார் என்று வீட்டுக்கே தெரியும். இந்தப் பிடிப்பான் ‘டிக்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறது.

உளியிலிருந்து அளவுக்கு

இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்பும் கருத்துக்கு இப்போது வருகிறேன். கிண்ணக் கீல் இரும்பை மட்டும் மறைக்கவில்லை. ஒரு தொழிலின் வாசலையும் மாற்றிவிட்டது.

தச்சுத் தொழில் கம்மாளர் மரபில் பிறந்தவர்களின் உரிமையாக இருந்தது. அது ஒரு பெரிய அறிவு. மரத்தின் வெட்டு வாக்கு, முற்றல், ஈரம், சுருக்கம் எல்லாம் கையால் தடவித் தெரிந்துகொள்ளும் அறிவு. ஆனால் அந்த அறிவுக்குள் தோட்டத்துக் கூலியின் பிள்ளை நுழைய இடமில்லை. எங்கள் லயங்களில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஆசாரியின் உளியைத் தொடுவதற்கே தயங்கிய காலம் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லுவார்: ‘நமக்கு மரத்தை வெட்டத் தெரியும்டா தம்பி. மரத்துல வேலை செய்யத்தான் விடமாட்டாங்க.’ காட்டை வெட்டியவர்கள் அவர்கள்தாம். கதவு செய்தவர்கள் வேறு.

கிண்ணக் கீலில் மரபுரகசியம் இல்லை. 35, 12, 5, 37 என்ற எண்கள் அட்டைப்பெட்டிக்குள்ளேயே அச்சிட்ட தாளில் இருக்கின்றன. யார் பிள்ளை என்று அந்தத் தாள் கேட்பதில்லை. அளவெடுக்கத் தெரிந்தால் போதும். கண்ணும் கவனமும் உள்ள பையன் சில மாதங்களில் வேலைக்காரன் ஆகிவிடலாம். நான் வேலை பழகிய பட்டறையில் எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் பரம்பரை ஆசாரிதான். ‘அண்ணே, உளி பிடிக்கவும் சொல்லிக் குடுங்கண்ணே’ என்று ஒருநாள் கேட்டேன். ‘இனிமே உளிக்கு யாருடா கூலி குடுக்கிறான்? டேப்பைப் பிடி’ என்றார். அந்தக் குரலில் எனக்குக் கிடைத்த வாய்ப்பும் இருந்தது. அவருக்கு ஏற்பட்ட இழப்பும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே வரலாறு என்று நான் நினைக்கிறேன். வாசல் திறந்ததைக் கொண்டாடுகிறவர்கள் அந்த முதியவரின் உளி துருப்பிடித்ததையும் எழுத வேண்டும். உளி போனதற்கு அழுகிறவர்கள் அது எத்தனை பேருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

மற்றொரு செய்தி இதைவிடக் கசப்பானது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு கதவைத் திறந்து சாத்திய பெண், ஓய்வு பெற்ற மறுநாள் அந்தக் கதவுக்கு அந்நியள். என் தாயாருக்கும் அதுவே நேர்ந்தது. பணிக்கொடை வேண்டுமானால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காலி செய்துவிட்டுப் போவதற்கு அந்தப் பணிக்கொடைதான் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாறு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 உயிர்கள் மண்ணில் புதைந்தபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள் சொந்த மண் என்று சொல்ல ஒரு பிடி நிலமில்லாமல் இருந்தார்கள் என்பதை நாடு அறிந்தது. அறிந்து மறந்தது.

ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓசையில்லாத கதவு மாட்டுகிற எங்கள் பிள்ளைகளில் பலர், பெற்றோருக்கென்று ஒரு சொந்தக் கதவை இன்னும் மாட்டவில்லை. குடுமிக் கதவு வீட்டோடு பிறந்தது என்று மேலே சொன்னேன். எங்களுக்குக் கதவு தெரியும். வீடுதான் இனிப் பிறக்க வேண்டும்.

நிறைவாக

கதவின் கீல் மரக்குடுமியாய் இருந்து, கொல்லர் அடித்த இரும்பாய், வார்ப்புத் தகடாய், செருப்பு வாராய், கடைசியில் உள்ளே ஒளிந்த கிண்ணமாய் மாறிவந்த வரலாற்றைக் கண்டோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு காடு, ஒரு சந்தை, ஒரு சட்டம், ஒரு புலம்பெயர்வு இருப்பதையும் கண்டோம்.

சங்கத்து அன்பர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கும் மூத்த ஆசாரிகளிடமும் லயத்துப் பெரியவர்களிடமும் கதவு, கருவி, பலகை சார்ந்த சொற்களைக் கேட்டு எழுதி வையுங்கள். குடுமி, காடி, நாதாங்கி, கொட்டாப்புளி, இழைப்புளி, ரசமட்டம் என்று தொடங்கினால் ஒரு சிறு அகராதியே தேறும். அடுத்த மலரில் அதை வெளியிடலாம். இரண்டு, மலையில் வேலை முடிந்து இறங்கும் முதியோருக்குச் சொந்த வீடு அமைய நம் சங்கம் என்ன செய்யலாம் என்பதைப் பொதுக்குழுவில் ஒரு பொருளாகவே வைத்துப் பேச வேண்டும். ஒரு வீடானாலும் போதும். கதவும் கீலும் மாட்டித்தரும் கூலி வேண்டாம். அது என் பங்கு.